பிரின்சிபாலுக்காக வேலையை விடலாமா? மகன் பத்தாவது, எனக்கு ஐந்தாம் வருஷம்

கரும்பலகை | டிசம்பர் 6, இரவு 10.48

வணக்கம். மூன்று வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஒன்பதும் பத்தும் எடுக்கிறேன். 2021 ஜூன் 7ஆம் தேதி சேர்ந்தேன். கொரோனா காலம், ஆகஸ்ட் கடைசி வரை போனில்தான் பாடம், பாதிச் சம்பளம். அப்போது இருந்த பிரின்சிபால் மேடம் கண்டிப்பானவர்தான், ஆனால் தப்பு என்றால் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். அவர் ஓய்வு பெற்றதும் போன வருஷம் ஜூனில் புதியவர் வந்தார். ‘ரிசல்ட் காட்டுகிற ஆள்’ என்று கரஸ்பாண்டன்ட், அதாவது பள்ளித் தாளாளர், தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்.

வந்த மாதமே வகுப்புகளில் இருந்த நாற்காலிகளை எல்லாம் எடுத்து ஆடிட்டோரியத்தில் அடுக்கிவிட்டார். உட்கார்ந்தால் பாடம் தூங்கிவிடுமாம். எல்லா வகுப்பிலும் கேமரா. அவர் அறையில் திரை, பக்கத்தில் மைக். “டென்த் பி, டீச்சர் சுவரில் சாயக் கூடாது” என்று ஸ்பீக்கரில் குரல் வரும். 42 பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை, எனக்காகக் குனிந்துகொள்கிறார்கள். சிரித்தாலே தேவலாம் போலிருக்கிறது.

எனக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டல். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவேன். எட்டு பீரியடில் ஆறு எனக்கு, சாயங்காலம் 6.15 வரை ஸ்பெஷல் கிளாஸ் வேறு.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இருபடிச் சமன்பாட்டை வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்ப்பதை ரிவிஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு சதுரம், பக்கத்தில் இரண்டு செவ்வகம், மூலையில் ஒரு சின்ன இடம் காலி. அந்தக் காலி மூலையை நிரப்புவதுதான் வர்க்கத்தைப் பூர்த்தி செய்வது என்று காட்டினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். பிரின்சிபால் உள்ளே வந்தார். என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். டஸ்டரை எடுத்துப் படத்தை அழித்தார். “படம் வரைந்தால் மார்க் வராது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுங்க, அஞ்சு மார்க்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “இப்படியே போனா உங்க கிளாஸ்ல பாஸ் மார்க்கே தேறாது மேடம்” என்றார்.

என் மகன் அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி சாப்பிடும்போது, “ஏம்மா, நீ ஒண்ணுமே சொல்லல?” என்று மட்டும் கேட்டான்.

அன்றிலிருந்து விட்டுவிடலாமா என்றே ஓடுகிறது. சம்பளம் 21,000. வீட்டுக்காரர் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், வேலை இருந்தால் வருமானம். மகனுக்குப் பாதி ஃபீஸ் சலுகை. டிகிரி, பி.எட். ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளியில் இருக்கின்றன. ஒரு மாதச் சம்பளம் டெபாசிட்டாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று ஆர்டரில் போட்டிருக்கிறது. 2017ல் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, இரண்டாம் தாள் பாஸ் பண்ணி வைத்திருக்கிறேன்.

இப்போதே விடுவதா, மார்ச் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா, இல்லை எங்கே போனாலும் இப்படித்தான் என்று கிடப்பதா?

மதுரைக்காரன் | டிசம்பர் 6, இரவு 11.05

நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க. சாக்பீஸைக் கையிலிருந்து பிடுங்குகிற ஆளிடம் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

வடக்குவீதி | டிசம்பர் 6, இரவு 11.19

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணே. அப்புறம், வாடகையும் ஃபீஸும் நீங்கள் கட்டுவீர்களா?

மதுரைக்காரன் | டிசம்பர் 6, இரவு 11.22

சரி, திங்கட்கிழமை.

புளியம்பூ | டிசம்பர் 7, காலை 6.40

கரும்பலகை அக்கா, நான் அப்படித் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்தான். இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். என் மேலதிகாரி வைஸ் பிரின்சிபால். தினமும் மூன்று மணிக்கு நோட்ஸ் ஆஃப் லெசனை (பாடக்குறிப்பு நோட்டு) கொண்டுவரச் சொல்லி, நான் நிற்க நிற்கப் படித்து, எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுவார். ஒரு நவம்பர் மாதம் நாலாவது தடவை கிழித்தார். அன்றைக்கே லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் வந்தபோது இருந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்கவில்லை. அதில் பொய்யே கிடையாது.

அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கரிம வேதியியல் பாதியில் நிற்கிறது, புதுசாக வந்த சார் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று ஒருத்தி அழுதாள். பள்ளியில் ஒரிஜினல் சான்றிதழைத் தரவில்லை. நடுவருஷத்தில் போனதற்கு மூன்று மாதச் சம்பளம் கட்டு என்றார்கள். ஐந்து மாதம் அலைந்தேன். சான்றிதழ் இல்லாமல் வேறு பள்ளியில் சேர முடியவில்லை. ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் போட்டோகாபி போதும் என்றதால் அங்கே போனேன். சம்பளம் இரண்டு மடங்கு. வீட்டிலேயே வேலை, திட்ட ஆள் இல்லை. ஆனால் திரையில் பிள்ளைகள் முகமே தெரியாது, கேமராவை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பத்து நிமிஷ மீட்டிங்கில் எங்கள் டீம் முழுவதையும் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டு மாடியில் டியூஷன், 23 பிள்ளைகள். ஏப்ரல், மே வருமானம் இல்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன். வேலையை விட்டதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. விட்ட நாளை நினைத்துத்தான் வருத்தப்படுகிறேன்.

ரிட்டயர்டு_எச்எம் | டிசம்பர் 7, காலை 9.15

அம்மா, நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் 11 வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்வது இங்கே பலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

பதவிக்கு வந்த முதல் வருஷம் 9.05க்கு வருகைப் பதிவேட்டைக் கையில் எடுப்பேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஒழுங்கு கொண்டுவருகிறோம் என்று எனக்குப் பெருமை. ஒரு தமிழாசிரியை, மூத்தவர், ஒரு மாதத்தில் ஒன்பது கோடு வாங்கினார். பத்தாவது நாள் என் அறைக்கு வந்து, “சார், நான் வரும் பஸ் 9.10க்குத்தான் வரும். முந்தைய பஸ் 7.40க்கு. அதில் வந்தால் மாமியாருக்குச் சோறு போட ஆளில்லை. கோடு போடுங்கள், பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் கண்ணில் படாமல் போடுங்கள்” என்றார். பதிவேட்டை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போகிற மாணவத் தலைவன் ஒவ்வொரு கோட்டையும் பார்த்திருக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் பிரின்சிபாலும் திருந்திவிடுவார் என்று இதைச் சொல்லவில்லை. அந்த அம்மா என்னிடம் வந்து சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். அவரிடம் நீங்கள் ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? வகுப்பில் வேண்டாம், தனியாக. நீங்கள் எழுதியதில் அது இல்லை.

இன்னொன்று. அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். ‘ரிசல்ட் காட்டுகிற ஆள்’ என்று கூட்டி வரப்பட்டவர், ரிசல்ட் வராத மே மாதம் வீட்டுக்குப் போக வேண்டியவர். அதனால்தான் சதுரம் அவர் கண்ணுக்கு ஐந்து மார்க்காகத் தெரிகிறது.

மதுரைக்காரன் | டிசம்பர் 7, காலை 9.31

ஐயா, அவருக்குப் பயம் இருந்தால் அவர் கரஸ்பாண்டன்ட்டிடம் காட்டட்டும். மைக்கில் ஏன் காட்டுகிறார்?

ரிட்டயர்டு_எச்எம் | டிசம்பர் 7, காலை 9.50

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி.

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 7, மதியம் 1.20

நான் ஒரு கல்வி அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறவன். மனசு சம்பந்தப்பட்டதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், காசை நான் பார்க்கிறேன்.

மேடம், நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது 2021 ஜூன் 7. ஐந்து வருஷத் தொடர் பணி இருந்தால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு. ஆசிரியருக்குக் கிடையாது என்று பள்ளியில் சொன்னால் நம்பாதீர்கள். 2004ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று சொன்னது உண்மைதான். அதற்காகவே 2009ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போய் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். உங்கள் ஸ்லிப்பில் அடிப்படை எவ்வளவு என்று தெரியாது. 12,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு 34,615 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் உங்கள் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல்.

ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் முடிந்தாலே ஐந்து வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏப்ரலில் விலகினாலும் வாதாட இடமுண்டு. ஆனால் வாதாட வேண்டும், படியேற வேண்டும். 2026 ஜூன் 6 தாண்டினால் வாதமே தேவையில்லை. போன மாதம் 21ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர்களுக்கு. நிரந்தரப் பணிக்கு அதே ஐந்து வருஷம்தான்.

அப்புறம் பி.எஃப். இன்றைக்கே யுஏஎன் (உங்கள் பி.எஃப். எண்) போட்டுப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்திருப்பார்கள், கட்டியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். வேலை மாறினால் எடுத்துவிடாமல் மாற்றிக்கொள்ளுங்கள், பென்ஷனுக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். விலகிய தேதியைப் பள்ளி ஏற்ற மறுத்தால் கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓடிபி வைத்து ஏற்றிவிடலாம்.

கறுப்புக்கோட்டு | டிசம்பர் 7, மாலை 4.02

வக்கீல். மேலே கணக்குப்பிள்ளை சொன்னதில் திருத்தம் இல்லை.

சான்றிதழ் விஷயம்: ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நோட்டீஸ் காலத்தை மதிக்காமல் போனால் அதற்கான சம்பளத்தை அவர்கள் கேட்க முடியும். இரண்டும் தனித்தனி. பள்ளிகள் வேண்டுமென்றே இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும்.

இப்போதே கேட்காதீர்கள். ‘டெட் வேலைக்காகப் பதிவு செய்ய வேண்டும்’, ‘வங்கிக் கடனுக்கு வேண்டும்’ என்று ஏதாவது காரணத்தோடு ஜனவரியில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் வக்கீல், பொய் சொல்லச் சொல்லவில்லை. காரணம் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா என்று யாராவது கேட்பீர்கள். கோவாவில் சுந்தராம்பாள் என்ற பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில் 1988லேயே உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ இல்லை என்று சொல்லிவிட்டது. சொல்லிக்கொடுப்பது புனிதப் பணியாம். புனிதம் சோறு போடாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆக உங்களுக்கான வாசல் பள்ளிக் கல்வித் துறை. தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேலே தனியார் பள்ளிகள் இயக்குநரகம், முன்பு மெட்ரிக் இயக்குநரகம் என்போமே, அதுதான். மகன் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் வரை அந்த வாசலைத் தட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வடக்குவீதி | டிசம்பர் 7, மாலை 6.33

நாற்காலியை யாருமே பேசவில்லையே. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. கேரளாவில் அதற்கு முன்பே. டீச்சருக்கு அது இல்லையா?

கறுப்புக்கோட்டு | டிசம்பர் 7, மாலை 6.51

அது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் வந்த திருத்தம். பள்ளிக்கு அதைக் காட்டி வழக்குப் போட முடியாது. ஆனால் நரம்பு சுருட்டலுக்கு அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு வாங்கி, ‘மருத்துவர் ஆலோசனைப்படி வகுப்பில் ஒரு ஸ்டூல் அனுமதிக்கக் கோருகிறேன்’ என்று நாலு வரி எழுதி, நகலில் அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தந்தால் கால் தப்பிக்கும். தராவிட்டால் கையில் ஒரு தாள் இருக்கும்.

தறிச்சத்தம் | டிசம்பர் 7, இரவு 9.10

என் மனைவியும் டீச்சர்தான். பள்ளிபாளையம். மூன்று வருஷம் முந்தி இதே கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். டாக்டரிடம் போனால் ஒன்றுமில்லை என்பார். பேப்பர் திருத்தும்போது பிள்ளைகள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தாள். அதற்கு முன்பு அப்படி இல்லை. ஒரு நாள் நாலாவது படிக்கும் எங்கள் சின்னவளைப் பார்த்து அந்த ஹெட் மிஸ் பேசுகிற அதே தொனியில், “நில்லு நேரா, சாயாதே” என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினோம். கிராஜுவிட்டி கிடைக்காது என்று தெரியும், போகட்டும் என்று விட்டோம்.

இங்கே எல்லாரும் ஜூன் வரை இரு என்கிறீர்கள். கணக்கு சரிதான். ஆனால் கரும்பலகை சகோதரி, உங்கள் வீட்டில் அந்த ஸ்பீக்கர் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் 34,000 ரூபாய்க்கு அது கட்டுப்படி ஆகாது.

நடத்துநர் | டிசம்பர் 8, காலை 7.00

தனிச்செய்தியில் பள்ளியின் பெயரைக் கேட்டு இவருக்குத் தொந்தரவு தருவதாகப் புகார் வந்திருக்கிறது. கேட்க வேண்டாம். ஒரு பதிவு நீக்கப்பட்டது.

கரும்பலகை | டிசம்பர் 9, இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, நேற்றும் இன்றும் பேப்பர் கட்டு.

கணக்குப்பிள்ளை சார், பாஸ்புக்கைத் திறந்தேன். நீங்கள் ஜோசியரா? பி.எஃப். 2022 ஜூனிலிருந்துதான் கட்டியிருக்கிறார்கள். முதல் வருஷம் எங்கேயும் இல்லை. பிடிக்கவும் இல்லை, அப்போது முதல் மூன்று மாதச் சம்பளத்தைக் கவரில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். அப்படியானால் நான் 2022ல்தான் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுவார்களா? அடிப்படை 12,000 என்று நீங்கள் சொன்னது அப்படியே சரி.

எச்எம் ஐயா, நீங்கள் கேட்டது குத்தியது. நான் ஒரு தடவைகூடத் தனியாகப் போய்ப் பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் மட்டும் நிறையப் பேசியிருக்கிறேன்.

தறிச்சத்தம் அண்ணா, உங்கள் பதிவை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நீ இப்பல்லாம் இட்லி ஊத்தும்போதுகூட நின்ன வாக்கிலேயே சாப்பிட்டுடுற” என்றார். நான் கவனித்ததே இல்லை.

கணக்குப்பிள்ளை | டிசம்பர் 10, காலை 8.05

சொல்லப் பார்ப்பார்கள். அதற்கு முன் நீங்கள் சேர்த்து வையுங்கள். நியமன ஆணையில் ஜூன் 7 இருக்கிறதா? அதுவே பெரிய ஆதாரம். போட்டோ எடுத்து மெயிலில் போடுங்கள், போன் தொலைந்தால் போச்சு. 2021 அக்டோபரிலிருந்து வங்கியில் விழுந்த சம்பளம், அந்த வருஷத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய பாடங்கள், பள்ளி ஆண்டுமலரில் ஆசிரியர் படம், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) உங்கள் பெயருக்கு எதிரே சேர்ந்த தேதி, எல்லாம் எடுங்கள். பி.எஃப். கட்டாதது அவர்கள் தப்பு. கட்டாததால் நீங்கள் வேலை பார்க்காதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

மே மாதச் சம்பளத்தையும் மறக்காதீர்கள். விலகுகிறவர்களுக்கு மே கிடையாது, ஜூனில் பள்ளி திறந்து கையெழுத்துப் போட்டால்தான் என்று பல பள்ளிகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் காலத்தை ஜூன் வரை ஓடும்படி வைத்தால் அதையும் கேட்க முடியும்.

புளியம்பூ | டிசம்பர் 10, காலை 8.40

அரசுப் பள்ளி வேலையையும் யோசியுங்கள் அக்கா. டெட் சான்றிதழ் முன்பு ஏழு வருஷம்தான், 2021லிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். உங்கள் 2017 இன்னும் உயிரோடு இருக்கிறது. டெட் மட்டும் போதாது, மேலே நியமனத் தேர்வு ஒன்று எழுத வேண்டும், எப்போது வரும் என்று டிஆர்பிக்கே (ஆசிரியர் தேர்வு வாரியம்) வெளிச்சம். ஆனால் செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பல வருஷம் வேலை பார்த்தவர்களே டெட் எழுதியாக வேண்டும் என்று பதறிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இதைத் தனியார் பள்ளி இன்டர்வியூவிலும் முதல் வரியில் சொல்லுங்கள், இப்போது அதற்கு மதிப்பு.

மதுரைக்காரன் | டிசம்பர் 10, இரவு 9.58

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜூன் 7 அன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க.

கரும்பலகை | டிசம்பர் 20, இரவு 9.30

பேசினேன்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை முடிந்து, நாலரை மணிக்கு அவர் அறைக்குப் போனேன். எச்எம் ஐயா சொன்ன தமிழம்மாவை நினைத்துக்கொண்டுதான் போனேன். “சார், என்னிடம் குறை இருந்தால் இங்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் சொன்னால் அடுத்த பீரியடில் என் பேச்சு எடுபடாது, அது உங்கள் ரிசல்ட்டைத்தான் பாதிக்கும்” என்றேன். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணி வைத்த வாக்கியம்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு வருஷத்துக்கு எத்தனை சென்டம் டார்கெட் தெரியுமா மேடம்?” என்றார். நான் சும்மா நின்றேன். எதிரே இரண்டு நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சரி, பார்க்கலாம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் இல்லை.

ஸ்டூல் கடிதத்தைக் கொடுத்தேன். அலுவலகத்தில் நகலில் சீல் போட மறுத்தார்கள், பிரின்சிபால் சொல்ல வேண்டுமாம். மறுநாள் பதிவுத் தபாலில் அதே பள்ளிக்கு அனுப்பினேன். தினமும் போகிற இடத்துக்குத் தபாலில் கடிதம் அனுப்பியது எனக்கே சிரிப்பாக இருந்தது.

ரிட்டயர்டு_எச்எம் | டிசம்பர் 21, காலை 6.20

“உங்கள் ரிசல்ட்டைத்தான் பாதிக்கும்” என்று சொன்னீர்களே, அது நல்ல இடத்தில் போட்ட கொக்கி. அவர் மாற மாட்டார் அம்மா. கொஞ்சம் ஜாக்கிரதையாக நடந்துகொள்வார். மார்ச் வரை அது போதும்.

கரும்பலகை | ஜனவரி 11, இரவு 9.05

மூன்று வாரமாக இழையைக் கிடப்பில் போட்டதற்கு மன்னிக்கவும். முடிவு பண்ணிவிட்டோம். வீட்டுக்காரர், மகன், நான் மூன்று பேரும் சேர்ந்து.

மார்ச் 9 திங்கட்கிழமை நோட்டீஸ் தருகிறேன், மூன்று மாதம் ஜூன் 8ல் முடியும். பொதுத்தேர்வுச் சமயத்தில் நோட்டீஸ் கொடுத்தால் மகனுக்கு ஏதாவது பண்ணுவார்களோ என்று பயந்தேன். ஹால்டிக்கெட்டும் செய்முறை மார்க்கும் அதற்குள் முடிந்திருக்கும், விடைத்தாளைத் திருத்துவது வெளி ஆட்கள்தானே என்று அவனே சொன்னான். மேல்நிலைக்கு அரசுப் பள்ளிக்குப் போகிறேன் என்கிறான். ஃபீஸுக்காகச் சொல்கிறானா, நிஜமாகவே ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறான்.

சான்றிதழ்களை வாங்கிவிட்டேன். ஒரு சின்ன வீட்டுக்கடனுக்கு நிஜமாகவே விண்ணப்பித்தேன், கறுப்புக்கோட்டு சார். கடன் கிடைக்கவில்லை, சான்றிதழ் கிடைத்தது.

ஈரோட்டில் ஒரு பள்ளியில் டெமோ கிளாஸ் எடுத்தேன். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வேறென்ன, வர்க்கப் பூர்த்திதான். சதுரத்தை வரைந்து மூலையைக் காலியாக விட்டபோது கை லேசாக நடுங்கியது, கதவைப் பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. ஏப்ரலில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதும் யோசனையாக இருக்கிறது.

விடுமுறை முடிந்து போனபோது டென்த் பி வகுப்பில் ஒரு ஸ்டூல் இருந்தது. எனக்கு மட்டும், மற்ற டீச்சர்களுக்கு இல்லை, அதனால் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோதனைக்கூடத்தில் கழித்துப் போட்ட பழைய ஸ்டூல், மூன்று கால்தான் தரையில் படுகிறது. நாலாவது காலுக்கு அடியில் பிள்ளைகள் காலண்டர் அட்டையை மடித்து வைத்திருக்கிறார்கள். மைக் இப்போது கொஞ்சம் குறைவு. இன்னும் நான் அதில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. நாளைக்கு மூன்றாவது பீரியட் அங்கேதான்.

மதுரைக்காரன் | ஜனவரி 11, இரவு 9.12

உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்க.